குடும்ப வண்டியின் பிரேக் ஏன் சூடேறுகிறது: டெல்டாவில் சோதித்து, மலையில் பத்திரமாக இறங்க ஒரு முழுமையான வழிகாட்டி

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு மேடு என்றால் ஆற்றுப் பாலத்தின் ஏற்றமும் ரயில்வே மேம்பாலமும்தான். கல்லணையில் திறந்துவிட்ட தண்ணீர் கடைமடை வரை தானாக ஓடிச் சேரும் அளவுக்கே சரிவுள்ள நிலம் இது. இந்தச் சமதரையில் ஒரு பிரேக் பேட் (உராய்வுக் கட்டை), சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டான டிஸ்கோடு ஒட்டி உரசிக்கொண்டே இருந்தாலும், டீசல் கொஞ்சம் கூடச் செலவாகும், ஒரு சக்கரத்தில் கரித்தூள் அதிகம் படியும். அதற்குமேல் எதுவும் தெரியாது. அதே வண்டி பழநியில் மொட்டை அடித்துவிட்டுக் கொடைக்கானலுக்கும் போய் வரலாம் என்று ஏறி, மறுநாள் குடும்பத்தோடு இறங்கும்போதுதான் அந்த உரசலின் முழு விளைவும் வெளிப்படுகிறது.

மலையிறக்கத்தில் பிரேக் கைவிட்டால் ஓட்டியவரைக் குறை சொல்கிறோம், அல்லது மலையைக் குறை சொல்கிறோம். ஓட்டும் முறைக்கு அதில் பெரும் பங்கு உண்டு என்பது உண்மையே. ஆனால் கோளாறின் மறுபாதி, வடகிழக்குப் பருவமழையில் நனைந்தும், கடற்கரையின் உப்புக் காற்றில் துருவேறியும், வெளிநாட்டிலிருந்து வீட்டுக்காரர் விடுப்பில் வரும்வரை மாதக்கணக்கில் கொட்டகையில் அசையாமல் நின்றும், ஊரிலேயே உருவாகிவிடுகிறது என்பது என் உறுதியான கருத்து. ஆகவே இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி மலையைப் பற்றியதாக இல்லாமல், புறப்படுவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன் வீட்டு வாசலிலும் பட்டறையிலும் செய்யவேண்டியதைப் பற்றியதாக இருக்கிறது.

எவ்வளவு வெப்பம் உண்டாகிறது

பிரேக் செய்யும் வேலை ஒன்றே ஒன்று: வண்டியின் இயக்க ஆற்றலை உராய்வின் மூலம் வெப்பமாக மாற்றிக் காற்றில் விடுவது. இன்னோவா, ஸ்கார்ப்பியோ போன்ற வண்டிகள் ஏழு பேரும் மூட்டை முடிச்சுகளும் ஏறியபின் 2,500 கிலோவை நெருங்கும் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் அந்த வண்டியை முழுவதுமாக நிறுத்தினால் ஏறத்தாழ 6 லட்சம் ஜூல் வெப்பம் உண்டாகும். கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பழநி சுமார் 300 மீட்டர். இடையிலுள்ள 1,800 மீட்டரை அதே வண்டி இறங்கும்போது வெளியேற்றியாகவேண்டிய ஆற்றல் சுமார் 4.4 கோடி ஜூல். அதாவது 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து எழுபது முறை அடுத்தடுத்து முழுமையாக நிறுத்துவதற்குச் சமம். இதில் எஞ்சினும் காற்றும் டயரும் எவ்வளவு வாங்கிக்கொள்கின்றன என்பதைப் பொறுத்துத்தான் மிச்சம் பிரேக்கின் மேல் விழுகிறது. எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலையிலும், இருபது வளைவுகள் கொண்ட ஏற்காட்டிலும், நாற்பது வளைவுகள் கொண்ட வால்பாறைச் சாலையிலும் உயரம் மாறும், கணக்கு மாறாது.

இந்தக் கணக்கில் எடை நேர்விகிதத்தில் வருகிறது என்பதைக் கவனிக்கவேண்டும். ஏழு பேர் வண்டியில் பத்துப் பேரை ஏற்றி, மேலே கேரியரில் மூட்டைகளையும் கட்டினால், கூடிய எடைக்கு ஏற்ப வெப்பமும் கூடுகிறது; டிஸ்கின் பருமனோ, பேட்டின் பரப்போ கூடுவதில்லை.

முதல் படி: பெடல் சொல்வதைப் பிரித்து அறிதல்

சூடான பிரேக் கைவிடுவது ஒரே விதமாக நிகழ்வதில்லை. எந்த விதம் என்று தெரியாமல் பட்டறைக்குப் போனால், தேவையற்ற பாகத்தை மாற்றிவிட்டு அதே கோளாறோடு திரும்பி வர நேரிடும்.

பெடல் வழக்கம்போல் கெட்டியாக இருந்து, எவ்வளவு அழுத்தியும் வண்டி நிற்க மறுத்தால், பேட்டின் உராய்வுப் பொருள் தாங்கக்கூடிய வெப்பத்தைத் தாண்டிவிட்டது என்று பொருள். சாதாரணப் பேட்களில் 300 முதல் 400 டிகிரி செல்சியஸுக்கு மேல் பிடிமானம் விழத் தொடங்கும். கருகிய நெடி வரும். ஆறியபின் பிடிமானம் பெருமளவு திரும்பிவிடும் என்றாலும், பேட்டின் மேற்பரப்பு கண்ணாடிபோல் வழவழப்பாகி இருந்தால் அதை மீண்டும் நம்பக்கூடாது.

பெடல் பஞ்சுபோல் அமுங்கி, தரைவரை இறங்கிப் போனால், அது மிகவும் ஆபத்தானது. பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகிவிட்டது. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்க முடியும் என்பதால், காலின் அழுத்தம் ஆவிக் குமிழ்களை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடுகிறது. அரை மணி நேரம் ஆறினால் பெடல் பழையபடி கெட்டியாகிவிடும். இதை நம்பித்தான் பலர் மீண்டும் இறங்கத் தொடங்குகிறார்கள். ஆயில் கெட்டுவிட்டது என்பதும், அடுத்த முறை இன்னும் குறைந்த வெப்பத்திலேயே அது கொதிக்கும் என்பதும் அந்தக் கெட்டியான பெடலில் தெரியாது.

பெடல் கொஞ்சம் கொஞ்சமாக ஆழமாகப் போய், இரண்டு மூன்று முறை மிதித்தால் மேலே வந்தால், பின்சக்கர டிரம்மைப் பார்க்கவேண்டும். வெப்பத்தில், சக்கரத்தோடு சுழலும் குடுவையான டிரம் விரிந்து, உள்ளிருந்து அதை அழுத்தும் உராய்வுக் கட்டையான ஷூவிலிருந்து விலகுவதால் ஷூ அதிக தூரம் நகரவேண்டியிருக்கிறது. இன்னோவாவின் பல மாடல்களிலும், டவேரா, பொலேரோ போன்ற வண்டிகளிலும் பின்னால் டிரம் பிரேக்தான் என்பதால் இது அரிதான கோளாறு என்று ஒதுக்கிவிட முடியாது.

இரண்டாம் படி: எந்தச் சக்கரம் என்று கண்டுபிடித்தல்

நான்கு சக்கரமும் ஒன்றுபோலச் சூடானால் ஓட்டும் முறை, எடை, அல்லது மாஸ்டர் சிலிண்டர் (பெடலின் அழுத்தத்தைத் திரவத்துக்கு மாற்றும் உருளை) பக்கம் காரணத்தைத் தேடவேண்டும். ஒரு சக்கரம் மட்டும் சூடானால் அந்தச் சக்கரத்திலேயே கோளாறு இருக்கிறது. மற்ற எந்தச் சோதனைக்கும் முன்பாக இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால், பாதி வேலை முடிந்துவிடும்.

இதற்கு டெல்டாவின் சமதரையைவிட நல்ல சோதனைச் சாலை கிடைக்காது. விடியற்காலையில், வாகன நெரிசல் இல்லாத நேரத்தில், தஞ்சாவூர் – திருச்சி நான்குவழிச் சாலை போன்ற ஒரு நீளமான நேர்சாலையில் பதினைந்து கிலோமீட்டர் சீரான வேகத்தில் ஓட்ட வேண்டும். இயன்றவரை பிரேக்கைத் தொடாமல், கடைசியில் கியரைக் குறைத்து வேகத்தை இறக்கி, ஓரத்தில் மெதுவாக உருண்டு நிற்கவைக்க வேண்டும். உடனே இறங்கி, வெப்பம் அளக்கும் அகச்சிவப்புத் துப்பாக்கியால் நான்கு சக்கரங்களையும் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். மருத்துவமனைகளில் நெற்றிக்குப் பிடிக்கும் கருவி இதற்குப் பயன்படாது. பட்டறைகளிலும் ஏசி மெக்கானிக்குகளிடமும் இருக்கும், பல நூறு டிகிரி வரை காட்டும் கருவி தேவை.

பளபளப்பான உலோகத்தின் மேல் இந்தக் கருவி உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். ஆகவே எண்ணைவிட ஒப்பீடுதான் முக்கியம். இடப்பக்கம் எந்த இடத்தைக் குறிவைத்தோமோ, வலப்பக்கமும் அதே இடத்தை, அதே தூரத்திலிருந்து குறிவைக்க வேண்டும். முன் இரண்டும் பின் இரண்டையும்விடச் சூடாக இருப்பது இயல்பு. முன் இடச் சக்கரத்துக்கும் முன் வலச் சக்கரத்துக்கும் இடையே 30, 40 டிகிரி வேறுபாடு இருந்தால் அது இயல்பு அன்று. பிரேக்கையே தொடாமல் வந்தபின்னும் ஏதாவது ஒரு டிஸ்க் நூறு டிகிரியைத் தாண்டியிருந்தால், அந்தப் பக்கம் பிரேக் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம்.

கருவி இல்லையென்றால் புறங்கையைச் சக்கரத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்து, நான்கிலும் வீசும் அனலை ஒப்பிடலாம். டிஸ்கைத் தொட்டுப் பார்க்கக்கூடாது. நொடியில் தோல் வெந்துவிடும். வீல் பேரிங் கெட்டிருந்தாலும் சக்கரத்தின் நடுப்பகுதி சூடாகும் என்பதால், சூடு டிஸ்கின் விளிம்பில் அதிகமா, நடுக் குடத்தில் அதிகமா என்பதையும் பார்க்க வேண்டும். பேரிங்காக இருந்தால் ஓடும்போது ஊளையிடும் ஒலி கேட்கும். வளைவில் அது கூடும் அல்லது குறையும்.

மூன்றாம் படி: தூக்கிச் சுழற்றிப் பார்த்தல்

இந்தப் படியில் முதல் கவனம் தரையின்மேல் இருக்கவேண்டும். நம் வயல்வெளி வீடுகளின் வாசல் களிமண். மழைக்குப் பின் மேலே காய்ந்து தெரிந்தாலும் உள்ளே இளகியிருக்கும். இரண்டு டன் வண்டியைத் தூக்கிய ஜாக்கி அதில் சரிந்துவிடும். சிமென்ட் தளத்தில் மட்டும் தூக்க வேண்டும். அது இல்லையென்றால் பட்டறைக்கே கொண்டுபோவது நல்லது. தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஜாக்கியோடு நில்லாமல் ஸ்டாண்டும் கொடுத்தபிறகே சக்கரத்தின் பக்கத்தில் உட்காரவேண்டும்.

கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, சக்கரத்தைக் கையால் சுழற்ற வேண்டும். பேட் லேசாக உரசும் ஒலி வரலாம். ஆனால் கையை எடுத்ததும் சக்கரம் சட்டென்று நின்றாலோ, இரு கையாலும் வலித்துத் திருப்ப வேண்டியிருந்தாலோ அதுதான் நாம் தேடும் சக்கரம். ஒருவரை உள்ளே உட்காரவைத்து பிரேக்கை ஓங்கி மிதித்து விடச் சொல்லி, மீண்டும் சுழற்ற வேண்டும். மிதிப்பதற்கு முன் லேசாகச் சுழன்று, மிதித்தபின் மட்டும் இறுகினால், திரவம் திரும்பிப் போகவில்லை அல்லது பேட்டைத் தள்ளும் பிஸ்டன் பின்வாங்கவில்லை.

இவ்விரண்டில் எது என்பதை, பிரேக் வேலை தெரிந்த மெக்கானிக் ஒருவர் சில நிமிடங்களில் சொல்லிவிட முடியும். சக்கரம் இறுகியிருக்கும் நிலையில் கேலிப்பரில் (டிஸ்கைக் கவ்வி, பேட்களையும் பிஸ்டனையும் தாங்கும் பாகம்) உள்ள காற்று எடுக்கும் திருகைச் சற்றே தளர்த்துகிறார். திரவம் பீய்ச்சி வெளிவந்து சக்கரம் விடுபட்டால், அழுத்தம் உள்ளே சிறைப்பட்டிருக்கிறது, கேலிப்பர்மேல் குற்றமில்லை. விடுபடாமல் அப்படியே இறுகியிருந்தால் பிஸ்டனோ, கேலிப்பர் நகர உதவும் கம்பியான ஸ்லைடு பின்னோ ஜாம் ஆகியிருக்கிறது.

அழுத்தம் சிறைப்பட்டிருக்கும்போது அடுத்து மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வெளிவரும் பைப் இணைப்பைத் தளர்த்திப் பார்ப்பார்கள். அங்கே விடுபட்டால் மாஸ்டர் சிலிண்டரிலோ, அதைத் தள்ளும் கம்பியின் அளவிலோ பிழை. அந்தக் கம்பிக்குச் சிறிது விளையாட்டு இடம் இல்லையென்றால், சூடாகச் சூடாகப் பிரேக் தானாகவே இறுகும். அங்கே விடுபடாமல் சக்கரத்தின் அருகில் மட்டும் விடுபட்டால், நடுவிலுள்ள ரப்பர் ஹோஸ் உள்ளே ஊதி அடைத்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஹோஸ் புதிது போலவே தெரியும். காலின் பலத்துக்குத் திரவத்தை உள்ளே விடும், திரும்பி வர விடாது. கேலிப்பரை இருமுறை மாற்றியும் தீராத உரசலுக்கு இதுவே காரணமாக இருப்பதுண்டு. இந்தச் சோதனைகளுக்குப் பின் முழு பிரேக்கிலும் காற்று எடுத்தாகவேண்டும். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள சில வண்டிகளில் அதற்குக் கணினிக் கருவியும் தேவைப்படும்.

எல்லாச் சக்கரமும் இறுகியிருந்து, பிரேக் ஆயில் டப்பாவின் மூடியிலுள்ள ரப்பரும் உப்பித் தொங்கினால், யாரோ அதில் எஞ்சின் ஆயிலையோ ஸ்டீயரிங் ஆயிலையோ ஊற்றியிருக்கிறார்கள். கனிம எண்ணெய் ஒரு சிறு அளவு கலந்தாலும் உள்ளேயிருக்கும் ரப்பர் சீல்கள் அனைத்தும் ஊதிவிடும். சுத்தம் செய்து சமாளிக்க முடியாது. சீல்கள், ஹோஸ்கள் எல்லாவற்றையும் மாற்றியே ஆகவேண்டும். வாடகைக்கு ஓடி வந்த வண்டியை இரண்டாம் கையாக வாங்கியவர்கள் இந்த மூடியை ஒருமுறையாவது திறந்து பார்த்துவிடுவது நல்லது.

நான்காம் படி: நம் மண்ணும் நீரும் செய்வதைச் சரிசெய்தல்

ஸ்லைடு பின் என்பது கேலிப்பர் இருபக்கமும் நகர்ந்து பொருந்த உதவும் விரல் பருமனுள்ள கம்பி. அதன் ரப்பர் உறை கிழிந்தால் மழைநீர் உள்ளே போய்த் துரு பிடிக்கிறது. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம், தரங்கம்பாடி, காரைக்கால் வண்டிகளில் உப்புக் காற்று இந்த வேலையை இன்னும் வேகமாகச் செய்கிறது. பின் இறுகிவிட்டால் உள்பக்கப் பேட் மட்டும் வேகமாகத் தேய்ந்து வெளிப்பக்கப் பேட் முழுசாக இருக்கும். வெளியிலிருந்து வெளிப்பக்கப் பேட்டை மட்டும் பார்த்துவிட்டு “நன்றாக இருக்கிறது” என்று சொல்லும் சோதனையை ஏற்றுக்கொள்ளவே கூடாது. சக்கரத்தைக் கழற்றி இரண்டையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலம் முடிந்தபின், தை மாத வாக்கில், பின்களை உருவி, துருவைத் துடைத்து, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிகான் கிரீஸைத் தடவிப் பூட்டுவது நல்லது. பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும் என்பதால் அதை இங்கே தடவக்கூடாது. வேலைப்பளு உள்ள பட்டறையில் கைக்குக் கிடைக்கும் கிரீஸைத் தடவிவிட வாய்ப்பு அதிகம் என்பதால், சிறு டியூப் ஒன்றை நாமே வாங்கிக் கொடுத்துவிடுவது மேல்.

வைக்கோலும் சேறும் தனியாகச் சொல்லப்படவேண்டியவை. அறுவடைக் காலத்தில் டிராக்டர் சக்கரங்கள் வயலிலிருந்து இழுத்துவரும் சேறு சாலையெங்கும் கிடக்கிறது; அது சக்கரத்தின் உட்புறம் அப்பிக் காய்ந்து, டிஸ்குக்குக் காற்றுப் போகும் வழியை அடைக்கிறது. நெல் தாளையும், உளுந்து பயறுச் செடிகளையும் சாலையில் பரப்பிக் காயவைக்கும் இடங்களில் ஓடிவந்தால், கொடிகள் அச்சிலும் கேலிப்பரைச் சுற்றியும் சிக்கிக்கொள்கின்றன. சூடான டிஸ்கின் அருகே காய்ந்த வைக்கோல் இருப்பது நெருப்புக்கு அழைப்பு. அத்தகைய சாலையைக் கடந்தபின் ஓரிடத்தில் நிறுத்தி, குனிந்து பார்த்து, சிக்கியதைக் கையால் எடுத்துவிட வேண்டும்.

அசையாமல் நின்ற வண்டியின் கதை வேறு. மன்னார்குடி, கூத்தாநல்லூர், திருத்துறைப்பூண்டி பக்கங்களில் வீட்டுத் தலைவர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்க, வண்டி கொட்டகையிலேயே நிற்பதும், அவர் விடுப்பில் வந்த வாரத்திலேயே மலைப் பயணம் கிளம்புவதும் வழக்கம். அந்த மாதங்களில் ஹேண்ட் பிரேக் போட்டபடி நின்றால் ஷூ டிரம்மோடு துருவால் ஒட்டிக்கொள்கிறது. ஹேண்ட் பிரேக் கேபிளும் உறைக்குள் இறுகிவிடுகிறது. உள்ளே லீவரை இறக்கிவிட்டாலும், விளக்கு அணைந்தாலும், சக்கரத்தில் ஷூ விலகுவதில்லை. நீண்டநாள் நிறுத்துவதென்றால் முதல் கியரிலோ பார்க்கிங்கிலோ வைத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை விட்டுவைக்க வேண்டும். வீட்டிலிருப்பவர்கள் வாரத்துக்கு ஒருமுறை கொஞ்ச தூரம் ஓட்டி, சில முறை பிரேக் பிடித்துக் கொண்டுவந்து விட்டால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி வராது. டிரம்மைக் கழற்றிச் சுத்தம் செய்யும்போது உள்ளிருக்கும் தூளைக் காற்றடித்துப் பறக்கவிடாமல் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். பழைய லைனர்களில் கல்நார் இருந்திருக்கக் கூடும், அதைச் சுவாசிப்பவர் அந்தப் பட்டறைப் பையன்தான்.

ஐந்தாம் படி: பிரேக் ஆயில்

செலவு குறைவாகவும் பயன் மிக அதிகமாகவும் இருப்பது இந்த வேலைதான். ஆனாலும் அதிகம் புறக்கணிக்கப்படுவதும் இதுவே. நாம் பயன்படுத்தும் டாட் 3, டாட் 4 வகைத் திரவங்கள் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையவை. டாட் 3 திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது, 3.7 சதவீதம் நீர் சேர்ந்தால் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 4 திரவத்துக்கு இந்த எண்கள் 230, 155. மழைமாதங்களில் துவைத்த துணி மூன்று நாளாகியும் காயாத ஊரில், பிரேக் ஆயில் மட்டும் வறண்டிருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஆகவே ஓடிய கிலோமீட்டரைப் பார்க்காமல், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுவதுமாக மாற்றிவிட வேண்டும். மாற்றிய நாள் தெரியவில்லையென்றால் மலைக்குப் போகும் முன் மாற்றிவிடுவதே நேர்மையான வழி. டப்பாவில் இருப்பதை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றுவது மாற்றுவதாகாது. சூடேறும் கேலிப்பருக்குள் பழையதே நிற்கும். நான்கு சக்கரங்களின் திருகு வழியாகவும் புதிய திரவம் தெளிவாக வரும்வரை வெளியேற்ற வேண்டும். சீல் உடைக்காத சிறு புட்டியாக வாங்க வேண்டும். பாதி தீர்ந்து அலமாரியில் ஓராண்டாக நிற்கும் புட்டியை யார் கொடுத்தாலும் மறுத்துவிடலாம். மூடியில் டாட் 3 என்று எழுதியிருந்தால் டாட் 4 ஊற்றலாம், கெடுதலில்லை. டாட் 5 என்பது சிலிகான் வகை. அதை இவற்றோடு கலக்கவே கூடாது.

பேட்டில் உராய்வுப் பொருள் மூன்று மில்லிமீட்டர் இருந்தால் ஊருக்குள் இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம். மலைக்கு அது போதாது. மெலிந்த பேட் வெப்பத்தைத் தடுத்து நிறுத்தாமல் நேராகப் பிஸ்டனுக்கும் திரவத்துக்கும் கடத்திவிடும். டிஸ்கின் மேல் அதன் குறைந்தபட்சப் பருமன் பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே தேய்ந்த டிஸ்க் வெப்பத்தைத் தேக்கிவைக்கும் திறனை இழந்துவிட்டது. புதுப் பேட் போட்டால் பயணத்துக்கு முதல்நாள் போடாமல், ஒரு வாரம் முன்பாகவே போட்டு, மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 10 வரை மிதமாக வேகத்தைக் குறைப்பதை எட்டுப் பத்து முறை, இடையிடையே ஆறவிட்டுச் செய்து பதப்படுத்த வேண்டும்.

ஆறாம் படி: இறங்கும் முறை

சமதரை ஓட்டுநருக்கு இது புதிய பழக்கம். ஏறும்போது எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதிலேயே, செங்குத்தான இடத்தில் அதற்கும் ஒன்று குறைவாகவே, இறங்க வேண்டும். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். வேகம் எடுத்தபின் குறைப்பது கடினம். ஆட்டோமேட்டிக் வண்டியில் டி நிலையிலேயே விட்டுவிடாமல், கையால் கியர் குறைக்கும் நிலைக்கு மாற்ற வேண்டும். ஹைப்ரிட் வண்டியில் இறக்கத்துக்கான பி நிலை உதவும். ஆனால் பேட்டரி நிறைந்துவிட்டால், மின்மோட்டார் வேகத்தைத் தடுத்து மின்சாரமாக மாற்றுவது குறையும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

எஞ்சின் பிடித்தும் வேகம் கூடினால், பிரேக்கை லேசாகத் தொட்டுக்கொண்டே போவதைவிட, 35 கிலோமீட்டர் வந்ததும் உறுதியாக மிதித்து 25-க்குக் கொண்டுவந்து முழுவதுமாக விட்டுவிட வேண்டும். விட்டிருக்கும் நேரத்தில்தான் டிஸ்குக்குக் காற்று கிடைக்கிறது. ஆற்றங்கரை ஒற்றைச் சாலைகளில் எதிரே பேருந்து வரும் என்று பெடலின் மேலேயே காலை வைத்து ஓட்டிப் பழகியவர்களுக்கு இதுதான் கடினமாக இருக்கும்; புறப்படும் முன் சில நாட்கள் ஊருக்குள்ளேயே காலை எடுத்துப் பழகுவது உதவும்.

டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறக்குவதும், எஞ்சினை அணைத்து இறக்குவதும் உயிரோடு விளையாடுவது. எஞ்சின் அணைந்தால், காலின் பலத்தைப் பெருக்கும் பூஸ்டரில் எஞ்சியிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்கே தாங்கும். பிறகு பெடல் கல்லாகிவிடும், ஸ்டீயரிங்கும் கனத்துவிடும். வாடகை ஓட்டுநர் இப்படிச் செய்தால் பின்னால் இருக்கும் பெரியவர்கள் தயங்காமல், “தம்பி, கியர்லயே இறக்குங்க, டீசலுக்கு நாங்க குடுத்துக்குறோம்” என்று சொல்லிவிட வேண்டும்.

கருகிய வாடை வந்தாலோ, பெடல் ஆழமாகப் போனாலோ, கிடைக்கும் முதல் அகலமான இடத்தில் நிறுத்த வேண்டும். ஹேண்ட் பிரேக்கை இழுக்காமல், கியரில் வைத்துச் சக்கரங்களுக்குக் கல் கொடுக்க வேண்டும்; சூடான டிரம்மில் இறுக்கிய ஷூ ஒட்டிக்கொள்ளக்கூடும். தண்ணீர் ஊற்றக்கூடாது, சிவக்கக் காய்ந்த வார்ப்பிரும்பு கோணிவிடும் அல்லது விரிசல் விடும். முக்கால் மணி நேரம் காற்றில் ஆறட்டும். பெடல் பஞ்சாகியிருந்தது என்றால், ஆறியபின் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் குடும்பத்தோடு இறங்காமல் மாற்று வண்டியோ மெக்கானிக்கோ வரவழைக்க வேண்டும். சக்கரத்தில் தீப்பொறியோ சுவாலையோ தெரிந்தால் முதலில் எல்லோரையும் இறக்கித் தூர அனுப்பிவிட்டு, பிறகே உலர்பொடித் தீயணைப்பானை எடுக்க வேண்டும். சூடான டயர் வெடிக்கும் என்பதால் சக்கரத்துக்கு நேர் பக்கவாட்டில் நிற்கக்கூடாது.

ஓடிக்கொண்டிருக்கும்போதே பிரேக் கைவிட்டால் பெடலை வேகமாகப் பலமுறை மிதித்து அழுத்தம் ஏற்ற முயல வேண்டும். கியரை ஒவ்வொன்றாகக் குறைக்க வேண்டும். ஹேண்ட் பிரேக்கின் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே லீவரைச் சிறிது சிறிதாக இழுக்க வேண்டும். ஹார்னும் நான்கு விளக்கும் போட்டு, பள்ளத்தின் பக்கம் போகாமல் மலைச்சுவரின் பக்கம் வண்டியை ஒட்டி உரசவிட்டாவது நிறுத்த வேண்டும். வண்டியின் தகரம் போனால் போகட்டும்.

ஊர் திரும்பியபின்

மலையிலிருந்து இறங்கிய அன்றே வண்டியை வாட்டர் சர்வீஸுக்கு விடக்கூடாது. ஓர் இரவு முழுக்க ஆறியபின்னும், அதிவேக நீரைக் கேலிப்பரின் ரப்பர் உறைகளுக்கு நேராகப் பீய்ச்சவேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். டிஸ்கில் நீலம் பாரித்திருக்கிறதா, பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் நடுங்குகிறதா, பிஸ்டனின் ரப்பர் உறை கருகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முடியிழை போன்ற மேலோட்டமான கோடுகள் இருந்தால் கண்காணித்தால் போதும். விரிசல் டிஸ்கின் விளிம்பைத் தொட்டிருந்தால் அந்த அச்சின் இரு பக்க டிஸ்குகளையும், நான்கு பேட்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இறக்கத்தில் ஒருமுறையேனும் பெடல் அமுங்கியிருந்தால், போன மாதம்தான் மாற்றினோம் என்று கணக்குப் பார்க்காமல் பிரேக் ஆயிலையும் அன்றே மாற்றிவிடுங்கள்.